சுவரில் எந்தப் பெயரை எழுதுவது? நாளந்தா, அல் கரவிய்யீன், காஞ்சிக் கடிகை, பொலோஞா: ஓர் ஒப்பீடு

சென்ற ஆண்டு ஒரு வினாடி வினாப் போட்டிக்கு எங்கள் பள்ளியிலிருந்து ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியை அழைத்துச் சென்றேன். "உலகின் மிகப் பழைய பல்கலைக்கழகம் எது?" என்று கேட்டார்கள். "நாளந்தா" என்றாள். தவறு என்று மணி அடித்துவிட்டார்கள். அட்டையில் இருந்த விடை இத்தாலியின் பொலோஞா. சில மாதம் கழித்து வேறோர் இடத்தில் இன்னொரு போட்டி, அதே கேள்வி. இந்த முறை தயங்காமல் "பொலோஞா" என்றாள். அங்கே அட்டையில் இருந்தது மொராக்கோவின் அல் கரவிய்யீன். மறுபடியும் மணி. திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், வேலூர் பாகாயம் வந்து இறங்கும்போதுதான் வாய் திறந்தாள்: "டீச்சர், அப்படியென்றால் சரியான விடை எது?"

அன்றைக்கு அவளுக்கு நான் ஒழுங்காக விடை சொல்லவில்லை. இப்போது சொல்லியாக வேண்டும். பழைய மாணவர்கள் சேர்ந்து பள்ளித் தாழ்வாரத்துக்கு வண்ணம் அடித்துக் கொடுக்கிறார்கள். பத்தாம் வகுப்புக்கு எதிரே உள்ள 20 அடிச் சுவரைத் தலைமையாசிரியர் சமூக அறிவியலுக்கு ஒதுக்கியிருக்கிறார். அதற்கு அந்தக் கேள்வியையே தலைப்பாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒரே ஒரு படம், அதன் கீழே நான்கு வரிகள், அவ்வளவுக்குத்தான் இடம். ஒருமுறை எழுதிவிட்டால் குறைந்தது பத்து ஆண்டுகளுக்குப் பிள்ளைகள் அதைத்தான் படிப்பார்கள். எனவே கோடை விடுமுறை முழுவதும் இதையே படித்துக்கொண்டும் கேட்டுக்கொண்டும் இருந்தேன்.

வயதை மட்டும் வைத்து இதற்குத் தீர்ப்பு சொல்ல முடியாது. அந்த வயதுக்குச் சான்று என்ன, கல்வி இடையில் அறுந்துபோனதா, அது பல்கலைக்கழகம்தானா அல்லது வேறு வகைக் கல்விக்கூடமா என்றெல்லாம் பார்க்க வேண்டும். நான் இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டேன்: அதன் வாசல் யாருக்குத் திறந்திருந்தது? என் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்காக நான் கேட்டே ஆக வேண்டிய கேள்வி அது.

தட்சசீலத்தை முதலிலேயே எடுத்துவிட்டேன், மனமில்லாமல்தான். ராவல்பிண்டிக்கு அருகே இருந்த அந்த நகரத்துக்கு இளவரசர்களும் வணிகர் மக்களும் படிக்கப் போனதைப் புத்த ஜாதகக் கதைகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. வயதில் அதற்கு ஈடு இல்லை. ஆனால் அங்கே ஆசிரியர்கள் தனித்தனியாக, தத்தம் இல்லத்தில் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு கற்பித்தார்கள். அது கல்விக்குப் பேர்போன ஊர்; ஒரே நிறுவனமாக இயங்கியது என்று சொல்லச் சான்றில்லை. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், சலமன்கா மூன்றையும் வேறு காரணத்துக்காக விட்டேன். ஆக்ஸ்போர்டில் 1096 வாக்கில் பாடம் நடந்திருக்கிறது. 1167இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றி தம் நாட்டு மாணவர்கள் பாரிஸுக்குப் போவதைத் தடுத்த பிறகுதான் அது வேகமாக வளர்ந்தது. கேம்பிரிட்ஜ் 1209, சலமன்கா 1218. பொலோஞாவை ஏற்றுக்கொண்டால் இவை அதற்குப் பின்னால் வருபவை. ஏற்காவிட்டாலும் நாளந்தாவை இவை முந்தப் போவதில்லை.

நாளந்தாவுக்கு வருவோம். சுவரில் அதைத்தான் எழுத வேண்டும் என்று ஆசிரியர் அறையில் பெரும்பாலோர் சொன்னார்கள். எனக்கும் முதலில் அதே எண்ணம்தான். கி.பி. 5ஆம் நூற்றாண்டில் குப்த அரசன் முதலாம் குமாரகுப்தன் காலத்தில் தொடங்கி, 1200ஐ ஒட்டிய படையெடுப்புகளில் சிதையும் வரை ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள் நடந்த மாவிகாரம், அதாவது பெரிய பௌத்த மடம் அது. சீனத்திலிருந்து வந்த யுவான் சுவாங்கின் வாழ்க்கை வரலாறு அங்கே 10,000 துறவிகள் இருந்ததாகச் சொல்கிறது. சில பத்தாண்டுகள் கழித்து வந்த இ-சிங், 3,000க்கும் மேற்பட்டோர் என்று எழுதினார். இரண்டாவது எண்ணிக்கையைத்தான் நான் வகுப்பில் சொல்கிறேன். அதுவே அந்தக் காலத்துக்குப் பிரமிப்பான எண்ணிக்கை. வாயிலில் நிற்பவர் கேட்கும் கேள்விகளுக்கு விடை சொன்னால்தான் உள்ளே போகலாம்; பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் திரும்பிப் போனார்கள் என்கிறார் யுவான் சுவாங். மாணவர்களுக்குச் சோறு போட நூறு ஊர்களின் வருவாயை அரசர்கள் எழுதிவைத்திருந்தார்கள்.

இதில் நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? யுவான் சுவாங் நாளந்தா போனபோது தலைமை ஆசானாக இருந்தவர் சீலபத்திரர். அவருக்குக் குரு தர்மபாலர். அந்தத் தர்மபாலர் காஞ்சிபுரத்தில் பிறந்தவர், அமைச்சர் ஒருவரின் மகன். அரசகுமாரியோடு திருமணம் நடக்கவிருந்ததற்கு முந்தைய இரவில் வீட்டை விட்டுப் போய்த் துறவியானார் என்று யுவான் சுவாங் காஞ்சியைப் பற்றி எழுதும் இடத்தில் குறித்திருக்கிறார். வேலூரிலிருந்து காஞ்சிபுரம் இரண்டு மணி நேரப் பஸ் பயணம். அங்கே பிறந்த ஒருவர் கங்கைச் சமவெளிக்குப் போய் நாளந்தாவின் தலைமை ஆசானாகி, அவருடைய மாணவரிடம் பாடம் கேட்கச் சீனத்திலிருந்து ஒருவர் மலையும் பாலையும் கடந்து வந்திருக்கிறார். இதை வகுப்பில் சொன்ன அன்று கடைசி பெஞ்சில் கூடப் பேச்சுச் சத்தம் இல்லை.

நாளந்தாவின் முடிவையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 1235 வாக்கில் தர்மசுவாமின் என்ற திபெத்தியத் துறவி அங்கே போனார். இடிபாடுகளுக்கு நடுவே தொண்ணூறு வயதைத் தாண்டிய ராகுல ஸ்ரீபத்திரர் எழுபது மாணவர்களுக்கு இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தார். படை வருகிறது என்ற செய்தி வந்ததும் மற்றவர்கள் ஓடிவிட, தர்மசுவாமின் அந்த முதிய ஆசிரியரைத் தம் முதுகில் சுமந்துகொண்டு போய் மறைவிடத்தில் சேர்த்தார். நாளந்தாவைப் பற்றி நான் படித்ததில் என்னை அதிகம் உலுக்கியது இந்தக் காட்சிதான். அதற்குப் பிறகு அங்கே பாடம் கேட்கும் குரல் ஓய்ந்துவிட்டது. 2010இல் சட்டம் இயற்றி, 2014இல் வகுப்பு தொடங்கிய இன்றைய நாளந்தா பல்கலைக்கழகம் அந்தப் பெயரை மதித்து எழுப்பப்பட்ட புதிய நிறுவனம். "உலகின் மிகப் பழைய" என்ற தலைப்பில் "இன்றும் இயங்கும்" என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் நாளந்தா விலகிவிடும். சேர்க்காவிட்டாலும் அது அடிப்படையில் பௌத்தத் துறவியர் மடம். தேர்வு வைத்துப் பட்டம் கொடுக்கும் முறை அங்கே இருந்ததற்கு உறுதியான சான்று இல்லை.

"இன்றும் இயங்கும்" என்று சேர்த்தால் முதலில் நிற்பது மொராக்கோவின் ஃபெஸ் நகரத்தில் உள்ள அல் கரவிய்யீன். 859ஆம் ஆண்டு, துனிசியாவின் கைரவானிலிருந்து குடிபெயர்ந்து வந்த வணிகர் ஒருவரின் மகள் ஃபாத்திமா அல் ஃபிஹ்ரி, தந்தை விட்டுச்சென்ற சொத்தைக் கொண்டு ஒரு பள்ளிவாசலைக் கட்டினார். அங்கே வட்டமாக உட்கார்ந்து பாடம் கேட்ட மாணவர்கள்தான் அதன் தொடக்கம். கின்னஸ் புத்தகம் தொடர்ந்து இயங்கும் மிகப் பழைய கல்வி நிறுவனமாக இதைத்தான் குறிக்கிறது.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது எட்டாத செய்தி இல்லை. வேலூரில் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபுக் கல்லூரி இருக்கிறது. அங்கே முடித்தவர்கள் "பாகவி" என்ற பட்டத்தைப் பெயரோடு சேர்த்துக்கொள்கிறார்கள். கேரளத்தின் மூலை முடுக்கில்கூடப் பாகவிகளைப் பார்க்கலாம். ஓர் ஆசிரியரிடம் ஒரு நூலை முழுக்கப் பாடம் கேட்டவருக்கு, "இதை இனி நீ கற்பிக்கலாம்" என்று அந்த ஆசிரியர் தரும் அனுமதிக்கு இஜாஸா என்று பெயர். என் வகுப்பில் மாலை நேர மதரஸாவுக்குப் போகும் மாணவன் ஒருவன் அந்தச் சொல்லை எனக்கு முன்பே சொல்லிவிட்டான். ஒரு பெண் நிறுவியது என்று சொன்னதும் மாணவிகள் எல்லோரும் "இதையே எழுதுங்கள் டீச்சர்" என்றார்கள்.

எழுதத்தான் ஆசை. ஆனால் சான்றுகளைப் பார்க்கும்போது இரண்டு இடத்தில் கால் தடுக்குகிறது. ஃபாத்திமா கட்டினார் என்ற செய்தி நமக்குக் கிடைப்பது 14ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட வரலாற்று நூலிலிருந்து; நிகழ்ச்சிக்கும் எழுத்துக்கும் இடையே ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகள். அதே கட்டடத்தில் பழுதுபார்க்கும்போது வெளிப்பட்ட ஓர் எழுத்துப் பொறிப்பு, 877ஆம் ஆண்டையும் தாவூத் இப்னு இத்ரீஸ் என்ற இளவரசரையும் குறிப்பிடுகிறது. இரண்டாவது தடை இன்னும் பெரியது. பள்ளிவாசலைச் சார்ந்த உயர்கல்விக் கூடமாக நூற்றாண்டுகளாக இருந்த கரவிய்யீன், மொராக்கோ அரசின் பல்கலைக்கழகமானது 1963இல். கெய்ரோவின் அல் அஸ்ஹரும் இப்படித்தான்: 10ஆம் நூற்றாண்டில் பிறந்தது, 1961இல் நவீனப் பல்கலைக்கழகமாக மாற்றி அமைக்கப்பட்டது. இதனால் அவற்றின் பெருமை ஒரு துளியும் குறையாது. "தொடர்ந்து இயங்கும் மிகப் பழைய கல்விக்கூடம் எது?" என்று கேள்வி இருந்தால் கரவிய்யீன் என்று தயங்காமல் எழுதுவேன். என் சுவரில் இருக்கும் சொல் கல்விக்கூடம் அல்ல, பல்கலைக்கழகம்.

எங்கள் தமிழ் ஐயா இவற்றில் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. "காஞ்சிக் கடிகையை விட்டுவிட்டு ஊரெல்லாம் சுற்றுகிறீர்களே டீச்சர்" என்று வருத்தப்பட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. 4ஆம் நூற்றாண்டில் மயூரசர்மன் என்ற இளைஞன் தன் குருவோடு வேதம் படிக்கக் காஞ்சியில் உள்ள கடிகைக்கு வந்தான். அங்கே பல்லவக் குதிரை வீரன் ஒருவனோடு சச்சரவாகி, அவமானம் பொறுக்காமல் நூலைக் கீழே வைத்துவிட்டு வாளை எடுத்துக் கதம்ப அரசையே நிறுவினான். கர்நாடகத்தில் தாளகுந்தாக் கல்வெட்டு இதைச் சொல்கிறது. அப்படியென்றால் நாளந்தாவுக்கு முன்பே, வெளியூர் மாணவர் தேடி வரும் அளவுக்குப் பெயர்பெற்ற கல்விச்சபை நமக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கிறது. பழைய வட ஆற்காடு மாவட்டத்தில், அரக்கோணம் அருகே வேலூர்ப்பாளையத்தில் கிடைத்த பல்லவச் செப்பேடுகளிலும் கடிகை வருகிறது: ஸ்கந்தசிஷ்யன் என்ற பல்லவன் அதைச் சத்தியசேனன் என்ற அரசனிடமிருந்து கைப்பற்றினான் என்று. படிக்கும் இடத்தைப் போரிட்டுப் பிடிக்கும் அளவுக்கு அதற்கு மதிப்பு.

கடிகை என்று சொன்னதும் பிள்ளைகள், "சோளிங்கர் மலைதானே டீச்சர்?" என்றார்கள். எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். திருக்கடிகை என்பது சோளிங்கரின் பழைய பெயர். அங்கே கடிகை என்றால் ஒரு நாழிகை, 24 நிமிடம். அவ்வளவு நேரம் மலைமேல் தங்கினால் போதும், முக்தி கிடைக்கும் என்பது நம்பிக்கை. காஞ்சியில் அதே சொல் கற்றோர் கூட்டத்துக்குப் பெயர். வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், இரண்டாம் நந்திவர்மனை அரசனாகத் தேர்ந்து அழைத்து வந்ததைக் காட்டும் சிற்பங்களின் கீழே, அந்த முடிவில் பங்கெடுத்தவர்களில் "கடிகையார்" என்று ஒரு குழு குறிக்கப்பட்டிருக்கிறது. இதைத் தமிழ் ஐயாதான் எனக்குக் காட்டினார். கடிகையார் என்ற அந்தப் பலர்பால் சொல்லை நான் பிடித்துக்கொண்டேன். பின்னால் அதற்கு வருகிறேன்.

ஆனால் வாசல் யாருக்குத் திறந்திருந்தது என்ற என் கடைசிக் கேள்வி இங்கே குறுக்கே வந்து நின்றது. செப்பேடுகள் அதை இருபிறப்பாளரின், அதாவது அந்தணரின் கடிகை என்றே சொல்கின்றன. காஞ்சிக் கடிகையின் பாடத்திட்டமோ மாணவர் எண்ணிக்கையோ கல்வெட்டுகளில் இல்லை. ஆனால் அதே மரபில் பின்னால் வந்த எண்ணாயிரம் என்ற ஊரின் கல்விக்கூடத்தைப் பற்றிய முழு விவரம் கல்லில் இருக்கிறது. விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள அந்த ஊரில், முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள், அவர்களைப் பராமரிக்க 45 வேலி நிலம். ரிக் வேதம் படிக்க 75 பேர், யசுர் வேதம் படிக்க 75 பேர், ரூபாவதாரம் என்ற இலக்கணம் படிக்க 40 பேர் என்று தலைக்கு எவ்வளவு நெல் என்பது வரை கணக்கு இருக்கிறது. நிர்வாகத்தில் இவ்வளவு துல்லியத்தைக் காண்பது எனக்குப் பெருமை. அந்த 340 பேரில் ஒருவராக என் வகுப்புப் பிள்ளைகளின் முன்னோர் யாராவது இருந்திருக்க முடியுமா என்று பட்டியலைப் பார்த்தேன். கைத்தறி நெசவாளர், தோல் பதனிடுபவர், பீடி சுற்றுபவர், கூலி விவசாயி வீட்டுப் பிள்ளைகள் இவர்கள். வேதம் படிக்கும் அந்த இடங்களில் ஒன்றுகூட இவர்களுக்கு இல்லை. அவர்கள் தினமும் கடந்து போகும் சுவரில் அதைப் பெருமையாக எழுத எனக்குக் கை வரவில்லை. தமிழ் ஐயாவிடம் இதைச் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதுவும் சரிதான்" என்றார்.

இனி பொலோஞா. இத்தாலியின் வடக்கே இருக்கும் இந்த நகரத்துக்கு 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் சட்டம் படிக்க மாணவர்கள் வரத் தொடங்கினார்கள். காரணம், ரோமானியச் சட்டத் தொகுப்பை இர்னேரியஸ் என்ற ஆசிரியர் அங்கே வரிக்கு வரி விளக்கிக்கொண்டிருந்தார். ஐரோப்பாவின் நகரங்கள் வணிகத்தில் வளர்ந்துகொண்டிருந்த காலம். ஒப்பந்தம், கடன், வாரிசுரிமை தெரிந்தவர்களுக்கு எங்கும் வேலை இருந்தது. ஜெர்மனி, பிரான்ஸ், இங்கிலாந்து என்று மலை தாண்டி வந்தவர்களுக்கு ஊரில் பாதுகாப்பு இல்லை. ஒரு ஜெர்மானியன் கடனைக் கட்டாமல் ஓடிவிட்டால், அங்கே படிக்கும் வேறொரு ஜெர்மானிய மாணவனின் பொருளைப் பறித்துக்கொள்ளலாம் என்ற வழக்கம் இருந்தது. 1150களில் பேரரசர் முதலாம் பிரெடரிக் ஓர் ஆணை பிறப்பித்து இதைத் தடுத்தார். படிப்புக்காகப் பயணம் செய்பவர்கள் தம் பாதுகாப்பில் இருக்கிறார்கள் என்று அறிவித்தார்.

பாதுகாப்பு வேண்டி மாணவர்களும் தாங்களாகவே ஒன்று சேர்ந்தார்கள். அந்தச் சேர்க்கைக்கு லத்தீனில் யூனிவர்சிடாஸ் என்று பெயர். இந்தச் சொல்லுக்கு அன்று படிப்போடு தனியாக எந்தத் தொடர்பும் இல்லை. ஒரு தொழிலைச் செய்பவர்கள் கூடி அமைக்கும் எந்தச் சங்கத்துக்கும் அதே பெயர்தான். இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது குடியாத்தம் பக்கத்திலிருந்து வரும் மாணவன் எழுந்து, "எங்கள் அப்பாவின் நெசவாளர் சங்கம் மாதிரியா டீச்சர்?" என்று கேட்டான். ஆமாம், அதே மாதிரிதான். சங்கமாகச் சேர்ந்து நூல் விலைக்கும் கூலிக்கும் பேசுவதுபோல, அந்த மாணவர்கள் சேர்ந்து வீட்டு வாடகையைப் பேசினார்கள். தங்களுக்குள் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். ஆசிரியருக்குச் சம்பளம் தருபவர்கள் தாங்கள் என்பதால் அவருக்கும் விதி எழுதினார்கள்.

அந்த விதிகளை வாசித்துக் காட்டிய அன்று வகுப்பில் நடந்ததை நான் மறக்க மாட்டேன். மணி அடித்ததும் ஆசிரியர் பாடத்தைத் தொடங்க வேண்டும், முடிவு மணி அடித்ததும் நிறுத்த வேண்டும், தவறினால் அபராதம். அனுமதி இல்லாமல் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கக் கூடாது. ஊரை விட்டு வெளியே போனால் திரும்பி வருவதற்குப் பிணையாகப் பணம் கட்டிவிட்டுப் போக வேண்டும். வகுப்புக்கு ஐந்து பேர்கூட வரவில்லையென்றால் அன்று ஆசிரியரே வரவில்லை என்று கணக்கு. கடினமான பகுதியைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு ஆண்டை முடிக்கவும் முடியாது. எந்தப் பகுதியை எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்று வரையறுத்திருந்தார்கள். பிள்ளைகள் அத்தனை பேரும் தாழ்வாரத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் பள்ளியில் வேப்பமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம், அதுதான் மணி. அந்த மணி ஆசிரியரையும் கட்டுப்படுத்தும் என்ற எண்ணமே அவர்களுக்கு அன்றுதான் தோன்றியிருக்க வேண்டும். மறுநாள் நான் மணி ஓயும் முன்பே வகுப்பில் இருந்தேன். அதற்குப் பிறகு ஒரு நாளும் தவறவில்லை.

மாணவர்களுக்கு இவ்வளவு வலு எங்கிருந்து வந்தது? அவர்களுக்குச் சொந்தமாகக் கட்டடம் கிடையாது. பாடம் வாடகை அறையிலோ ஆசிரியர் வீட்டிலோ நடந்தது. நகரம் தொல்லை கொடுத்தால் மொத்தமாகக் கிளம்பிப் போய்விடுவார்கள். 1222இல் அப்படிப் போனவர்கள் தொடங்கியதுதான் பதுவா பல்கலைக்கழகம். பொலோஞாவில் பல்கலைக்கழகத்துக்கென்று ஒரு பெரிய கட்டடம் வந்தது 1563இல். நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக அது சுவரில்லாமல், ஆட்களால் மட்டுமே நின்றிருக்கிறது. மறுபக்கம் ஆசிரியர்களும் தனிச் சங்கமாகச் சேர்ந்து தேர்வையும் பட்டத்தையும் தம் கையில் வைத்துக்கொண்டார்கள். தேர்ச்சி பெற்றவருக்குக் கற்பிக்கும் உரிமை அளிக்கும் அதிகாரம் 1219இல் போப்பாண்டவரின் ஆணைப்படி அந்நகரத் திருச்சபையின் ஆர்ச்டீக்கன் என்ற அதிகாரியிடம் வந்தது. இன்று நாம் பல்கலைக்கழகம் என்று சொல்லும்போது நினைக்கும் தேர்வு, பட்டம், பாட வரையறை, தன்னாட்சி எல்லாம் அங்கே ஒரே இடத்தில் சேர்ந்திருக்கின்றன. அன்று தொடங்கியது இன்றும் நடக்கிறது.

இதன் பலவீனத்தையும் மறைக்கக் கூடாது. 1088 என்ற ஆண்டு எந்த ஆவணத்திலிருந்தும் வந்ததில்லை. 1888இல் எண்ணூறாம் ஆண்டு விழா கொண்டாட வேண்டி, கவிஞர் கார்துச்சியின் தலைமையில் இருந்த குழு தேர்ந்தெடுத்த ஆண்டு அது. போட்டியில் தோற்ற அந்த மாணவி இதைக் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் இதுவும் கட்டிய கதைதானா?" என்றாள். ஆண்டு தேர்ந்தெடுத்தது, செய்தி உண்மை. 12ஆம் நூற்றாண்டின் நடுவில் பேரரசரே மாணவர்களுக்காக ஆணை போடும் அளவுக்கு அங்கே படிப்பு நிலைபெற்றிருந்தது என்பதற்கு எழுத்து மூலமான சான்று இருக்கிறது. அதனால் சுவரில் "1088" என்று வெறுமனே எழுதாமல் "11ஆம் நூற்றாண்டின் இறுதி, 1088 என்பது மரபாகக் கொள்ளும் ஆண்டு" என்று எழுத முடிவு செய்தேன்.

தலைமையாசிரியருக்கு ஒரு தயக்கம் இருந்தது. "நம் நாட்டில் இவ்வளவு இருக்க, இத்தாலியை எழுதினால் கேட்பார்களே டீச்சர்?" அவர் தலைக்கு மேலே சுவரில் "பெற்றோர் ஆசிரியர் கழகம்" என்ற பெயர்ப்பலகை மாட்டியிருந்தது. அதைக் காட்டித்தான் பதில் சொன்னேன். நம் மொழியில் இந்த நிறுவனத்துக்கு முதலில் வழங்கிய பெயர் சர்வகலாசாலை. 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தை நம் தாத்தாக்கள் சென்னை சர்வகலாசாலை என்றுதான் சொன்னார்கள். சாலை என்றால் இடம், கட்டடம். பிறகு தமிழறிஞர்கள் சாலையை எடுத்துவிட்டுக் கழகத்தை வைத்தார்கள். வள்ளுவர் சூதாடும் களத்தைக் கழகம் என்கிறார். கம்பரோ "கலை தெரி கழகம்" என்று கல்வி பயிலும் இடத்துக்கு அந்தச் சொல்லைத் தருகிறார். இன்று நாம் கழகம் என்றால் கூடிச் சேர்ந்த மக்கள். யூனிவர்சிடாஸ் என்ற சொல்லின் பொருளும் அதுதான். ஐரோப்பிய மொழிகள் அந்த லத்தீன் சொல்லை அப்படியே வைத்துக்கொண்டன. நாம் நம் சொல்லாலேயே அதே பொருளைப் பிடித்துவிட்டோம். கடிகையார் என்ற சொல்லிலும் அந்தப் பொருள் ஒளிந்திருக்கிறது. கடிகையாரைப் பற்றி இன்னும் நான்கு கல்வெட்டுகள் கிடைத்திருந்தால் என் முடிவு ஒருவேளை மாறியிருக்கும். இப்போது உள்ள சான்றுகளை வைத்துப் பார்த்தால், மாணவர்களே கூடிக் கழகமாகி, அந்தக் கழகம் இன்றுவரை அறுபடாமல் வந்திருப்பது பொலோஞாவில்.

அதன் வாசலும் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. பணம் இருந்தவர்கள்தான் அவ்வளவு தூரம் போய்ப் படிக்க முடிந்தது. பெண்களுக்குக் கதவு மூடியே இருந்தது. 1732இல் லாரா பாஸ்ஸி அங்கே பட்டம் பெற்று, அங்கேயே பேராசிரியரானது ஐரோப்பாவே வியந்த செய்தி. ஆனால் ஆக்ஸ்போர்டு பெண்களுக்குப் பட்டம் தரத் தொடங்கியது 1920இல், கேம்பிரிட்ஜ் 1948இல். எங்கள் வேலூரில் ஐடா ஸ்கடர் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளியைத் தொடங்கியது 1918. அந்த மாணவிகள் மருத்துவம் படிக்கத் தொடங்கியபோது ஆக்ஸ்போர்டில் எந்தப் பெண்ணும் பட்டம் வாங்கியிருக்கவில்லை. இதைச் சொன்னதும் மாணவிகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அவர்களுக்காக நான் தேடியபோது கிடைத்த இன்னொரு செய்தி, இந்தக் கட்டுரையில் எந்தத் தரப்பிலும் அடங்காதது. பழைய வட ஆற்காட்டின் வந்தவாசிப் பகுதியில் விடால் என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஆதித்த சோழன் காலத்து, அதாவது 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று கனகவீரக் குரத்தியார் என்ற சமணப் பெண் துறவியையும் அவருடைய 500 மாணாக்கரையும் குறிப்பிடுகிறது; அவர்களைக் காத்து உணவளிக்கும் பொறுப்பை ஊரார் ஏற்றுக்கொண்டார்கள். குரத்தி என்றால் பெண் குரு. ஃபெஸ் நகரத்துப் பள்ளிவாசல் எழுந்த அதே நூற்றாண்டு. அது பல்கலைக்கழகம் இல்லை, துறவியர் பள்ளி. அதனால் சுவரில் அதற்கு இடம் கேட்கவில்லை. அதற்குப் பதிலாகப் பத்தாம் வகுப்பை அங்கே ஒரு நாள் அழைத்துப் போக அனுமதி கேட்டிருக்கிறேன். அந்த எழுத்துகளைப் பிள்ளைகள் தங்கள் கண்ணால் பார்க்கட்டும்.

வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. "மிகப் பழைய பல்கலைக்கழகம்" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். தொடர்ந்து இயங்கும் மிகப் பழைய கல்விக்கூடம் என்று கேட்டால் அல் கரவிய்யீன். பழைய இந்தியாவின் புகழ்பெற்ற மாவிகாரம் என்று கேட்டால் நாளந்தா. மாணவர்களும் ஆசிரியர்களும் கழகமாகக் கூடிப் பட்டம் வழங்கி, இன்றும் நடப்பது என்று கேட்டால் பொலோஞா. சரியாகக் கேட்டிருந்தால் என் மாணவி இரண்டு போட்டியிலும் தோற்றிருக்க மாட்டாள்.

சுவரில் எழுதப்போவது இதுதான்: "பொலோஞா, இத்தாலி. 11ஆம் நூற்றாண்டின் இறுதி. 1088 என்பது மரபாகக் கொள்ளும் ஆண்டு. ஊர்விட்டு ஊர் வந்த மாணவர்கள் தங்கள் பாதுகாப்புக்காகக் கூடி அமைத்த கழகம். இதைவிடப் பழைய கல்விக்கூடங்கள்: நாளந்தா, காஞ்சிக் கடிகை, அல் கரவிய்யீன்." படத்தில் கட்டடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு வாடகை அறை, நான்கைந்து பெஞ்சு, பாடம் கேட்கும் மாணவர்கள், ஓரத்தில் மணி.

ஞாயிற்றுக்கிழமை ஓவியர் வந்து சுண்ணாம்பு நூலால் கோடு போட்டார். பெயரைக் கேட்டதும், "ஞாவா, னாவா டீச்சர்? எழுத்தை ஒரு தடவை எழுதிக் காட்டுங்கள்" என்றார். நான் சாக்பீஸைத் தேடுவதற்குள் அந்த மாணவி தாழ்வாரத் தரையில் குனிந்து, ஒரு முழ உயரத்துக்கு "ஞா" என்று எழுதினாள். ஓவியர் அதைப் பார்த்துக்கொண்டே ஏணியில் ஏறினார்.